சட்டம் திரும்பும் இடங்கள்

படச்சட்டம் என்றதும் நேரான நான்கு பக்கங்களும் நான்கு மூலைகளும் கொண்ட செவ்வகமே மனக்கண்ணில் தோன்றுவதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று. சட்டம் எந்தப் பொருள்களால் ஆகிறதோ அந்தப் பொருள்களின் இயல்பே காரணம். மரம் நெடுக வளர்கிறது, வாள் நேர்கோட்டில் அறுக்கிறது, தாளும் கண்ணாடியும் ஆலையிலிருந்து செவ்வகத் தகடுகளாகவே வருகின்றன. இவை எல்லாம் ஒத்துப்போகிற வடிவத்தையே சட்டம் போடும் கடைகள் நாள்தோறும் செய்துவருவதால், சாமி படமானாலும் பட்டமளிப்பு விழாப் புகைப்படமானாலும் அளவு மாறுகிறதே தவிர வடிவம் மாறுவதில்லை. வட்டமான பூத்தையல் வேலையையோ, எண்கோணக் கண்ணாடியையோ, இதய வடிவில் கத்தரித்த மணமக்கள் படத்தையோ வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்து, அந்த வடிவம் கெடாமல் அப்படியே சட்டம் வேண்டும் என்று கேட்கும்போதுதான், செவ்வகம் இதுவரை மறைத்துவைத்திருந்த சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. அவை கைத்திறன் சார்ந்தவை போலத் தோன்றினாலும், பெரும்பாலானவற்றின் அடியில் கிடப்பது கொஞ்சம் வடிவியலும் மரத்தின் இயற்பியலுமே.

எந்த வடிவச் சட்டத்துக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. சட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓர் எறும்பு ஒரு முழுச் சுற்று ஊர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து புறப்பட்ட திசையையே நோக்கி நிற்குமானால், அது வழியில் திரும்பிய திருப்பங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 360 பாகையாகவே இருக்கும். செவ்வகத்தில் எறும்பு நான்கு இடங்களில் 90 பாகை வீதம் திரும்புகிறது. அறுகோணத்தில் ஆறு இடங்களில் 60 பாகை வீதம் திரும்புகிறது. வட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் இம்மி இம்மியாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. வடிவம் உள்நோக்கிக் குழியும் இடங்களில் அது எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டியிருப்பதால் அந்தப் பாகைகளைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே இதிலுள்ள நிபந்தனை. ஆனால் மரத்தின் இழை திரும்புவதில்லை. அது வேரிலிருந்து உச்சி நோக்கி ஒரே போக்கில் ஓடுகிறது. ஆகவே நேராக ஓடும் இழையை வைத்துக்கொண்டு 360 பாகையையும் எங்கெங்கே, எவ்வளவு எவ்வளவாகத் திருப்புவது என்பதே கோணலான சட்டங்களைச் செய்பவரின் முதல் முடிவு. மற்ற வேலைகள் எல்லாம் அந்த முடிவின் பின்விளைவுகள்.

முதல் வழி, திருப்பம் முழுவதையும் மூட்டுகளில் வைப்பது. கடைகளில் பீடிங் என்று வழங்கும் வார்ப்புச் சட்டக்கட்டையின் முனைகளைச் சாய்வாக அறுத்து ஒன்றோடொன்று பொருத்துவதைக் கோணவெட்டு எனலாம். தச்சர்கள் இதை மைட்டர் என்றே சொல்கிறார்கள். ஒரு மூட்டில் சட்டம் எவ்வளவு திரும்புகிறதோ அதில் சரிபாதியை ஒவ்வொரு கட்டையின் முனையும் ஏற்க வேண்டும். எனவே சதுரத்துக்கு 45, அறுகோணத்துக்கு 30, எண்கோணத்துக்கு 22.5, முக்கோணத்துக்கு 60 பாகை எனக் கோணவெட்டின் அளவு அமைகிறது. ஒழுங்கான பலகோணமானால் 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். இங்கே புதியவர்களைத் தடுமாறவைக்கும் ஒரு பொறி இருக்கிறது: மர அறுவை இயந்திரத்தின் அளவுகோல், கட்டையைக் குறுக்கே செங்குத்தாக அறுக்கும் நிலையைச் சுழியாகக் கொண்டு எண்ணுகிறது, பள்ளிக்கூட வடிவியலோ இரு பக்கங்களுக்கு இடையிலான உட்கோணத்தைக் கொண்டு எண்ணுகிறது. அறுகோணத்தின் உட்கோணம் 120 பாகை, அதில் பாதி 60 என்று கணக்கிட்டு இயந்திரத்தை 60-இல் நிறுத்தி அறுத்தால், கிடைப்பவை முக்கோணத்துக்கான கட்டைகள். சதுரத்தில் இரண்டு கணக்கும் 45 என்றே முடிவதால், ஆண்டுக்கணக்கில் சதுரச் சட்டம் செய்தவரும் இந்த வேறுபாட்டைச் சந்திக்காமலே இருந்திருக்கலாம்.

பக்கங்கள் கூடக்கூட வெட்டும் கோணம் எளிதாகிறது, ஆனால் பிழை பெருகுகிறது. நான்கு பக்கச் சட்டத்தில் எட்டு வெட்டுகள் உண்டு. இயந்திரம் ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை தவறினால், முதல் மூன்று மூட்டுகளை இறுக்கிப் பொருத்திய பின் நான்காவது மூட்டில் 4 பாகை இடைவெளி வாய் பிளந்து நிற்கும். எண்கோணத்தில் பதினாறு வெட்டுகள். அதே அரைப் பாகைத் தவறு கடைசி மூட்டில் 8 பாகையாகச் சேர்ந்துவிடுகிறது. 2 அங்குல அகலமுள்ள பீடிங்கில் அது வெளிவிளிம்பிலோ உள்விளிம்பிலோ ஏறத்தாழ 7.5 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு பென்சில் நுழையும் சந்து. அரைப் பாகை என்பது இயந்திரத்தின் அளவுகோலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு என்பதால், அனுபவமுள்ளவர்கள் அளவுகோலை நம்புவதில்லை. நான்கு துண்டுகளைச் சேர்த்து ஒரு பாதியாகவும், மற்ற நான்கைச் சேர்த்து இன்னொரு பாதியாகவும் ஒட்டி உலரவிட்டு, தட்டையான பலகையில் உப்புத்தாளை ஒட்டி, ஒவ்வொரு பாதியின் இரண்டு முனைகளும் ஒரே நேர்கோட்டில் அமரும்வரை அதன்மேல் தேய்த்த பிறகே இரண்டு பாதிகளையும் இணைக்கிறார்கள். சேர்ந்துவந்த பிழை முழுவதும் அந்தத் தேய்ப்பில் கரைந்துபோகிறது. பிழையே இல்லாமல் அறுக்க முயல்வதைவிட, பிழை வந்து சேரும் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் இந்த உத்தி எவ்வளவோ மேலானது.

உள்நோக்கிக் குழியும் வடிவங்களில் கணக்கு இன்னும் கடுமையாகிறது. ஐந்து முனை விண்மீன் வடிவத்தில் ஒவ்வொரு கூர்முனையிலும் விளிம்பு 144 பாகை திரும்புகிறது, ஒவ்வொரு உள்மூலையிலும் 72 பாகை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஐந்து முறை 144-இலிருந்து ஐந்து முறை 72-ஐக் கழித்தால் அதே 360 வந்து நிற்கிறது. மொத்தம் மாறவில்லை என்றாலும், அந்த மொத்தத்தை அடைவதற்கு 720 பாகை முன்னும் 360 பாகை பின்னுமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. கூர்முனையின் கோணவெட்டு 72 பாகை. வழக்கமான அறுவை இயந்திரங்கள் அவ்வளவு தூரம் சாய்வதில்லை என்பதால், மீதமுள்ள 18 பாகையில் ஒரு நேர்க்கட்டையைப் பலகைமேல் அறைந்து, அதையே வழிகாட்டியாக வைத்துக் கட்டையை நெடுக்குவாட்டில் சீவுவது போல அறுக்க வேண்டும். அப்படி அறுத்த முனை பேனாக்கத்தி போல மெலிந்து, கீழே விழுந்தால் நுனி உடைந்துவிடும் நிலையில் இருக்கும்.

ஆனால் அறுப்பதற்கு அரிதான அந்த முனைதான் ஒட்டுவதற்கு எளிது. மரம் என்பது நுண்குழாய்களை நெருக்கிக் கட்டிய கட்டுப் போன்றது. அதன் பக்கவாட்டில் பசை தடவினால் பசை மேற்பரப்பிலேயே நின்று பற்றுகிறது, குறுக்கே வெட்டிய முனையில் தடவினால் திறந்திருக்கும் குழாய்வாய்கள் அதை உறிஞ்சிவிட, பற்றுவதற்கு மேற்பரப்பில் பசையே மிஞ்சுவதில்லை. விண்மீனின் கூர்முனையில் வெட்டுமுகம் இழையோடு 18 பாகை மட்டுமே சாய்ந்து, கிட்டத்தட்ட பக்கவாட்டுப் பரப்பாகவே இருக்கிறது. பரப்பளவும் கட்டையின் குறுக்குவெட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல். எண்கோணத்திலோ வெட்டுமுகம் ஏறக்குறைய முழுக் குறுக்குவெட்டு. எனவே பக்கங்கள் கூடக்கூடப் பசையின் பிடி தளர்கிறது. இதற்காகவே நீர்த்த பசையை முதலில் பூசிக் குழாய்வாய்களை அடைத்து, சற்று உலர்ந்தபின் இரண்டாம் பூச்சுப் பூசுகிறார்கள். அதுவும் போதாதபோது மூட்டின் குறுக்கே வாளால் ஒரு வெட்டுப் போட்டு, இழை குறுக்காக ஓடும் மெல்லிய மரச்சில்லு ஒன்றை அதில் பசையோடு செருகுகிறார்கள்.

பசை உலரும்வரை சட்டத்தை இறுக்கிப் பிடிப்பதற்கு நைலான் நாடாவையோ, கிழித்த சைக்கிள் டியூபையோ வெளிவிளிம்பைச் சுற்றிக் கட்டுவது எளிய வழி. நாடாவின் இழுவிசை ஒவ்வொரு கட்டையையும் அதன் நீளவாக்கில் அமுக்குகிறது. அந்த அமுக்கத்தில் ஒரு பகுதி மூட்டை நெருக்குகிறது, மறுபகுதி சாய்ந்த முகங்களை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கச் செய்கிறது. எண்கோணத்தில் பெரும்பகுதி நெருக்குவதற்கே போகிறது. சதுரத்தில் இரண்டும் சமம். முக்கோணத்தில் வழுக்கும் விசை நெருக்கும் விசையைப் போல 1.7 மடங்காகிவிடுகிறது. ஈரப்பசை எண்ணெய் போல வழவழப்பதால், முக்கோணச் சட்டம் இறுக்க இறுக்க ஒரு முனை மேலேறிக்கொண்டு போகும். விண்மீனுக்கு இந்த வழியே கிடையாது, ஏனெனில் சுற்றிக் கட்டிய நாடா உள்மூலைகளைத் தொடுவதே இல்லை.

இவ்வளவும் ஒழுங்காக முடிந்து சட்டம் சுவரேறிய பிறகும், கோடைக்காலத்தில் மூட்டுகள் விரிந்துவிட்டன என்று வாடிக்கையாளர் திரும்பி வருவதுண்டு. குற்றம் எப்போதும் செய்தவருடையதன்று. மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றும் இழந்தும் பருத்தும் சுருங்கியும் கொண்டே இருக்கிறது, ஆனால் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக அன்று. இழையின் நீளவாக்கில் அதன் மாற்றம் புறக்கணிக்கத்தக்கது, குறுக்குவாக்கிலோ கணிசமானது. பச்சைமரத்திலிருந்து முற்றிலும் உலர்ந்த நிலைவரை தேக்கு, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.8 விழுக்காடும், வளையங்களுக்குக் குறுக்கான ஆரத்திசையில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. மரங்களுக்குள் இது மிகவும் அடக்கமான அளவு. கட்டையின் அகலம் சுருங்கி நீளம் அப்படியே நின்றால் 45 பாகையாக அறுத்த முனை 45 பாகையாக நீடிக்க முடியாது. முனை சற்றுக் கூர்மையாகி, வெளிமூலை ஒட்டியிருக்க உள்மூலை விரிகிறது. மழைக்காலத்தில் அகலம் பருக்கும்போது நேர்மாறாக வெளிமூலை விரிகிறது. விரிசல் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்தே, சட்டம் செய்த நாளைவிட இப்போது மரம் உலர்ந்திருக்கிறதா ஈரமாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

விரிசலின் அளவைக் கணக்கிடுவதும் கடினமன்று. 50 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டை 2 விழுக்காடு, அதாவது 1 மில்லிமீட்டர் சுருங்கியதாகக் கொண்டால், மூட்டின் உள்விளிம்பில் எண்கோணச் சட்டம் 0.77 மில்லிமீட்டரும், அறுகோணம் 1 மில்லிமீட்டரும், சதுரம் 1.41 மில்லிமீட்டரும், முக்கோணம் 1.73 மில்லிமீட்டரும் விரியும். கோணவெட்டு கூர்மையாகக் கூர்மையாக விரிசலும் பெரிதாகிறது. அகலத்துக்கு நேர்விகிதத்தில் விரிசலும் வளர்வதால், முக்கோணச் சட்டத்துக்குப் பட்டையான பீடிங்கைத் தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளரின் விருப்பமாக இருந்தாலும் தச்சர் மறுக்க வேண்டிய விருப்பம்; அரை அங்குலப் பீடிங்கில் அதே முக்கோணத்தின் விரிசல் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கி, மெழுகு பூசினால் மறைந்துவிடும்.

இரண்டாம் வழி, திருப்பத்தை மூட்டுகளிலும் வாள்வெட்டிலுமாகப் பகிர்ந்துவைப்பது. வட்டச் சட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. நேர்ப்பலகைத் துண்டுகளைப் பலகோணமாக ஒட்டி, பிறகு உள்ளும் புறமும் வில் போல அறுத்து வட்டமாக்குகிறார்கள். உள்விட்டம் 24 அங்குலமும் சட்டத்தின் அகலம் 2 அங்குலமும் கொண்ட வட்டத்தை நான்கே துண்டுகளில் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு துண்டுக்கும் 5.5 அங்குலப் பலகை தேவை. ஆறு துண்டுகளானால் 3.6 அங்குலமும், எட்டானால் 2.9 அங்குலமும், பன்னிரண்டானால் 2.4 அங்குலமும் போதும். மரச்சேதம் குறைவது மட்டுமே இதன் பயன் அன்று. வில்லாக வளைத்து அறுக்கும்போது துண்டின் நடுவில் இழை விளிம்போடு சேர்ந்தே ஓடினாலும், துண்டின் முனைக்கு வரவர விளிம்பை விட்டு விலகிச் சாய்கிறது: நான்கு துண்டுகளில் 45 பாகைவரை, எட்டுத் துண்டுகளில் 22.5 பாகைவரை. இந்தச் சாய்வு மரத்தின் வலிமையை எதிர்பாராத வேகத்தில் தின்றுவிடுகிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இழை சாய்ந்தால் வளைவு வலிமை நேரிழை மரத்தின் 81 விழுக்காடாகிறது. ஐந்துக்கு ஒன்று, அதாவது வெறும் 11 பாகைச் சாய்வில், 55 விழுக்காடாகிவிடுகிறது. நான்கு துண்டு வட்டம் கைதவறி விழுந்தால் பசைமூட்டில் உடையாமல் மூட்டுக்கு அருகில் மரமே பிளந்து உடைவது இதனால்தான். துண்டுகளைக் கூட்டினால் மரம் வலுக்கிறது, ஆனால் முன்னே கண்டபடி பசை தளர்கிறது. இரண்டையும் காப்பாற்ற, வளையத்தை இரண்டு அடுக்குகளாகச் செய்து, கொத்தனார் செங்கல் அடுக்குவது போல, கீழடுக்கின் மூட்டுக்குமேல் மேலடுக்கின் நடுப்பகுதி வருமாறு மாற்றி ஒட்டுகிறார்கள். கண்ணாடியும் படமும் பின்னட்டையும் அமர்வதற்காகச் சட்டத்தின் பின்புற உள்விளிம்பில் எடுக்கப்படும் படி போன்ற பள்ளத்துக்குக் காடி என்று பெயர். கீழடுக்கின் உள்விட்டத்தை அரை அங்குலம் பெரிதாக வைத்துவிட்டால், காடி தனியே எடுக்காமலே கிடைத்துவிடுகிறது.

வட்டப் படங்களுக்கு வரலாற்றில் பெயர்பெற்ற ஊர் இத்தாலியின் புளோரன்ஸ். 15-ஆம் நூற்றாண்டில் அந்நகரின் செல்வர் வீடுகளில் வட்ட ஓவியங்கள் விரும்பி வைக்கப்பட்டன. வட்டம் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் குறுக்கமாகிய தொந்தோ என்பதே அவற்றின் பெயராயிற்று. அவற்றுள் மைக்கலாஞ்சலோ 16-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அக்னோலோ தோனி என்ற வணிகருக்காக மரப்பலகையில் தீட்டிய திருக்குடும்ப ஓவியம், இன்று உஃபிசி காட்சிக்கூடத்தில் அதன் பழைய சட்டத்தோடேயே தொங்குகிறது. ஓவியத்தின் விட்டம் சுமார் 120 சென்டிமீட்டர். சட்டத்தின் வளையத்திலிருந்து ஐந்து தலைகள் முழுத்திரளாக எட்டிப்பார்க்கின்றன. உச்சியில் இருப்பது கிறிஸ்துவின் தலை, மற்றவை தீர்க்கதரிசிகளுடையவை. செதுக்கியவர்கள் தெல் தாசோ என்ற தச்சுக் குடும்பத்தினர் என்று கருதப்படுகிறது. இத்தகைய சட்டங்களில் மரத்தின்மேல் ஜிப்சமும் பசையும் கலந்த வெண்பூச்சைப் பலமுறை பூசி, அதன்மேல் தங்க இலை ஒட்டுவது அக்கால வழக்கம். அந்தப் பூச்சு எத்தனை துண்டுகள், எங்கெங்கே மூட்டு என்பதை முற்றிலும் மூடிவிடுவதால், வளையம் ஒரே கட்டையில் பிறந்தது போலக் காட்சி தருகிறது. மரத்தின் அழகையே காட்ட விரும்பும் இன்றைய வாடிக்கையாளர், அறிந்தோ அறியாமலோ, பழைய கைவினைஞர்களுக்கு இல்லாத ஒரு கட்டுப்பாட்டை இன்றைய தச்சர்மேல் சுமத்துகிறார்.

மூன்றாம் வழி மரத்தையே வளைப்பது. 1 அங்குலக் கனமுள்ள பட்டையை 12 அங்குல உள்ஆரமுள்ள வளையமாக்கினால், உள்முகத்தின் சுற்றளவு 75.4 அங்குலமாகவும் வெளிமுகத்தின் சுற்றளவு 81.7 அங்குலமாகவும் இருக்கும். வேறுபாடு 6.28 அங்குலம், அதாவது கனத்தைப் போல இரண்டு பை மடங்கு. வளையம் எவ்வளவு பெரிதானாலும் இந்த வேறுபாடு மாறுவதில்லை, ஏனெனில் இதுவும் 360 பாகைத் திருப்பத்தின் இன்னொரு முகமே. ஒரே நீளமாக இருந்த இரண்டு முகங்களில் ஒன்று நீள வேண்டும், அல்லது மற்றது சுருங்க வேண்டும். நீராவியில் வேகவைத்த மரம் அமுக்கத்தில் 25 விழுக்காட்டுக்கு மேலும் சுருங்கிக் கொடுக்கும், இழுப்பில் 1 அல்லது 2 விழுக்காட்டுக்கு மேல் நீளாமல் முறிந்துவிடும். இழைகளை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் வெப்பத்தில் இளகுவதால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்து நெருங்க முடிகிறது, ஆனால் இழையே நீள முடிவதில்லை. எனவே வெளிமுகம் நீளாமல் காத்து, வேறுபாடு முழுவதையும் உள்முகத்தின் அமுக்கத்தில் தள்ளினால் மரம் வளைந்து கொடுக்கும். வெளிமுகத்தின்மேல் எஃகுப் பட்டை ஒன்றை இரு முனைகளிலும் இறுக்கிப் பிணைத்து, பட்டையும் மரமும் சேர்ந்தே வளையும்படி செய்தவர் ரைன் நதிக்கரையில் பிறந்து வியன்னாவில் தொழில் நடத்திய மிஷேல் தோனெட். 1859-இல் வெளிவந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலியின் வட்ட இருக்கை, இந்த முறையில் வளைந்த பீச் மரமே. சிறிய கடைகளில் நீராவிப் பெட்டிக்கு இடமில்லாதபோது, 2 மில்லிமீட்டர் கனமுள்ள மரத்தாள்களைப் பசையோடு ஒன்றன்மேல் ஒன்றாக அச்சில் சுற்றுகிறார்கள். ஒரு தாளின் வெளிமுகம் 30 சென்டிமீட்டர் ஆரத்தில் மூன்றில் ஒரு விழுக்காடு மட்டுமே நீள வேண்டியிருப்பதால், உலர்ந்த மரமே முறியாமல் வளைந்துவிடுகிறது.

கடைகளில் ஓவல் என்று சொல்லப்படும் நீள்வட்டத்தில் திருப்பம் சமமாகப் பரவுவதில்லை. இரு முனைகளில் நெருங்கியும் பக்கங்களில் தளர்ந்தும் கிடக்கிறது. 20-க்கு 16 அங்குல நீள்வட்டம் வரைய, 12 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடித்து, 32 அங்குலச் சுற்றுள்ள நூல் வளையத்தை அவற்றில் மாட்டி, பென்சிலால் நூலை விறைப்பாக இழுத்தபடி ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். அதன் சுற்றளவைக் கேட்டால்தான் கணிதம் சற்றுத் தயங்குகிறது, ஏனெனில் நீள்வட்டச் சுற்றளவுக்கு எளிய மூடிய வாய்பாடு இல்லை. இரண்டு அரை அச்சுகளையும் கூட்டிப் பையால் பெருக்கும் வழக்கமான தோராயம் 56.55 அங்குலம் என்கிறது, உண்மை 56.72 அங்குலம். நான்கு மில்லிமீட்டருக்கும் மேலான அந்தக் குறைபாடு, காடியை ஒட்டி மெல்லிய தங்கநிறப் பட்டை பதிக்கும்போது கடைசியில் ஓர் இடைவெளியாகக் கண்ணை உறுத்தும். ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட, பையின் மதிப்பைப் பற்றிய ஆய்வுரையின் இறுதிப் பகுதியில், நிறுவல் எதுவும் காட்டாமல், அனுபவ முறையில் கண்டது என்று சொல்லி ஒரு வாய்பாட்டைத் தந்திருக்கிறார்: அரை அச்சுகளின் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து ஒரு வர்க்கமூலத்தைக் கழித்து, பையால் பெருக்க வேண்டும். பெரிய அரை அச்சின் மும்மடங்கோடு சிறியதையும், சிறியதன் மும்மடங்கோடு பெரியதையும் கூட்டி, அந்த இரு தொகைகளின் பெருக்கலுக்கு எடுப்பதே அந்த வர்க்கமூலம். இங்கே 54-இலிருந்து 1292-இன் வர்க்கமூலமாகிய 35.944-ஐக் கழித்துப் பையால் பெருக்க, 56.72 என்று கைக்கணக்கிலேயே வந்துவிடுகிறது.

நீள்வட்டச் சட்டத்தின் வெளிவிளிம்பையும் நூலால் வரைந்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பான தவறு. உள்விளிம்பு நீள்வட்டமாக இருந்து, சட்டம் எங்கும் ஒரே அகலமாகவும் இருந்தால், வெளிவிளிம்பு நீள்வட்டமாக இருக்கவே முடியாது; அது அதைவிடச் சிக்கலான வேறொரு வளைகோடு. 20-க்கு 16 அளவில் இந்த வேறுபாடு கால் மில்லிமீட்டர்தான் என்பதால் கவலையில்லை. 20-க்கு 10 என்று ஒடுங்கிய நீள்வட்டத்தில், 2 அங்குலச் சட்டத்தின் அகலம் அச்சுகளுக்கு இடைப்பட்ட நான்கு இடங்களில் சுமார் 2 மில்லிமீட்டர் மெலிந்துவிடும்; பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் சட்டம் ஏதோ கோணலாக இருக்கிறது என்று தோன்றும். உள்விளிம்பை வார்ப்பாக வைத்து, சட்டத்தின் அகலத்துக்கு அறுத்த மரவில்லை ஒன்றை அதன்மேல் உருட்டி, வில்லையின் எதிர்விளிம்பு தொடும் இடங்களைக் குறித்துக்கொண்டே போவது இதற்குத் தச்சர்கள் கண்ட தீர்வு.

குழிவுள்ள வடிவங்களில் மரத்தைவிடக் கண்ணாடியே அதிகத் தொல்லை தருகிறது. ஒரு சதுரத்தை முனை கீழாக நிறுத்தி, மேலிரண்டு பக்கங்களிலும் ஒவ்வோர் அரைவட்டத்தை வைத்தால் அழகிய இதய வடிவம் கிடைக்கிறது. அதன் மேற்பள்ளத்தில் விளிம்பு 90 பாகை உள்நோக்கித் திரும்புகிறது. கண்ணாடியை யாரும் உண்மையில் அறுப்பதில்லை. கடினமான சிறு சக்கரத்தால் மேற்பரப்பில் ஒரு கீறல் போட்டு, வளைத்து, அந்தக் கீறலிலிருந்து விரிசல் ஓடும்படி செய்கிறார்கள். பொருளின் உள்ளே ஓரலகு பரப்பில் செயல்படும் விசையாகிய தகைவு, கூரான உள்மூலைகளில் பன்மடங்காகக் குவிகிறது என்பதை 1913-இல் இங்லிஸ் என்ற பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் குவிப்பில் விரிசல் ஏன் தானாக ஓடுகிறது என்பதை 1921-இல் கிரிஃபித் என்ற பொறியாளர் விளக்கினார். இதயத்தின் மேற்பள்ளத்துக்கு வந்த விரிசல் அங்கே திரும்பாமல் நேரே ஓடிக் கண்ணாடியை இரண்டாக்கிவிடும். ஆகவே இதயத்துக்கும் விண்மீனுக்கும் அக்ரிலிக் தகட்டையே லேசரால் வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். அது வெப்பத்தில் கண்ணாடியைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு விரிவதால், 60 சென்டிமீட்டர் தகட்டுக்குக் காடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். துடைத்தால் நிலைமின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுப்பது அதன் இன்னொரு குணம். கரிக்கோல் ஓவியத்துக்கு முன்னால் அதை வைத்தால் கரித்தூள் படத்தை விட்டுத் தகட்டுக்குத் தாவிவிடும்.

இப்போது எம்.டி.எஃப். என்னும் மரநார்ப் பலகையை, கணினி இயக்கும் குடைவு இயந்திரத்தில் வைத்து எந்த வடிவத்தையும் ஒரே துண்டாகக் குடைந்தெடுத்துவிட முடிகிறது. நார்கள் பலகையின் தளத்தில் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடப்பதால் இழைப்போக்கு என்பதே அதில் இல்லை. எனவே திருப்பத்துக்கு விலையும் இல்லை. மூட்டு இல்லை, கோணவெட்டு இல்லை, கோடைக்கால விரிசலும் இல்லை. ஆனால் ஈரச்சுவரில் மாட்டினால் கனவாட்டில் ஊதிப்போகிறது. நேரிழை மரத்தின் வலிமையும் அதற்குக் கிடையாது. வளையத்தைக் குடைந்தபின் நடுவில் மிஞ்சும் வட்டத்தை என்ன செய்வது என்ற கேள்வியும் கடையின் மூலையில் குவிந்துகொண்டே போகிறது.

மாட்டும்போதும் வடிவத்துக்கேற்ற கணக்கு உண்டு. சமபக்க முக்கோணத்தின் ஈர்ப்பு மையம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. அதையே தலைகீழாக நிறுத்தினால் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்குப் போய்விடுகிறது. கொக்கிகள் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே அமைந்தால் சட்டம் முன்னோக்கிக் கவிழும் என்பதால், முனை கீழான முக்கோணத்துக்கும் இதயத்துக்கும் கொக்கிகளை மேல்விளிம்பை ஒட்டியே அடிக்க வேண்டும். அங்கே உயரம் போதாமல் கம்பியை ஏறத்தாழக் கிடையாகக் கட்ட நேர்ந்தால் கம்பியின் இழுவிசை ஏறிவிடுகிறது. 4 கிலோ எடையுள்ள சட்டத்தில் கம்பி கிடைக்கோட்டோடு 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு கொக்கியையும் 4 கிலோ எடைக்குச் சமமான விசை இழுக்கிறது. 10 பாகைதான் சாய்ந்திருந்தால் பதினொன்றரைக் கிலோ. வட்டச் சட்டத்துக்கு இந்தக் கவலை குறைவு, ஆனால் ஒரே ஆணியில் மாட்டிய கம்பி கதவு சாத்தும் அதிர்விலெல்லாம் சற்றுச் சற்று நகர்ந்துகொண்டே இருக்கும். செவ்வகம் சாய்ந்தால் தூரத்திலிருந்தே தெரியும். வளையம் எவ்வளவு சுழன்றாலும் வளையத்தில் தெரியாது, உள்ளே இருக்கும் முகம் மட்டும் தலை சாய்த்துக்கொண்டிருக்கும். அதனால் வட்டச் சட்டங்களுக்குக் கம்பியை விட்டுவிட்டு, நான்கைந்து அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிகளை ஒரே மட்டத்தில் அடித்து, காடியின் விளிம்பையே அவற்றின்மேல் அமர்த்திவிடுகிறார்கள்.